வயதான காலத்து மறதி: அம்மாவுக்கு ஒரு மாதிரி, அப்பாவுக்கு ஒரு மாதிரியா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது வயதுக்கு மேல் ஞாபகமும் யோசனையும் மங்குவதில் ஆண், பெண் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. ஆனால் இதைப் பற்றி வரும் செய்திகளைப் படித்துக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். பெண்களுக்கு ஞாபகசக்தி கூடுதல் என்று ஒரு செய்தி வரும். அடுத்த வாரமே, பெண்களுக்குத்தான் மறதி நோய் அதிகம் என்று இன்னொன்று வரும். இரண்டும் சரிதான். எத்தனை பேருக்கு வருகிறது, எந்த உயரத்திலிருந்து இறங்குகிறார்கள், எவ்வளவு வேகமாக இறங்குகிறார்கள் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் போட்டுக் கலக்காமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் மருமகள்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெண்களுக்குத்தான் டிமென்ஷியா அதிகம் வரும் என்கிறார்களே, உண்மையா?

டிமென்ஷியா என்பது அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்கு ஞாபகமும் யோசனையும் கெடும் நிலை. அல்சைமர் அதில் மிகப் பரவலான வகை. எண்ணிக்கையில் உண்மை. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். நம் நாட்டுக்கு உருப்படியான ஒரு தேசிய மதிப்பீடு 2023-ல் வெளிவந்தது. 'லாசி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய முதியோர் நெடுங்கால ஆய்வில் ஏற்கெனவே பங்கேற்றவர்களிலிருந்து, 60 வயது கடந்த 4,096 பேரைத் தனியாக எடுத்து விரிவாகச் சோதித்தார்கள். டெல்லி எய்ம்ஸும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த வேலை. 60 கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று கணக்கு வந்தது. பெண்களில் 9.0 சதவீதம், ஆண்களில் 5.8 சதவீதம்.

அதே ஆய்வில் கிராமப்புறத்தில் 8.4, நகரத்தில் 5.3. 'கிராமத்துக் காற்று, கம்பங்கூழ், அங்கெல்லாம் மறதி ஏது' என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், அதனால்தானே?

ஒரு பகுதி அதுதான். டிமென்ஷியாவுக்கு வயதைவிடப் பெரிய காரணம் கிடையாது. எண்பது, தொண்ணூறு தொடுகிறவர்களில் பெண்கள் அதிகம் என்றால் நோயாளிகளிலும் பெண்கள் அதிகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் அதைக் கொண்டு முழுக் கணக்கையும் தீர்த்துவிட முடியாது. 2016-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுள் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. மூன்று வருடம்கூட இல்லை. 9.0-க்கும் 5.8-க்கும் இடையே உள்ள தூரத்துக்கு இந்த மூன்று வருடம் போதாது.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஐம்பதுகளில் மாரடைப்பில் போகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். ரத்தக் குழாய் கெட்டுப்போனவர்கள் முன்னாடியே போய்விடுவதால், எண்பது வயதில் உட்கார்ந்திருக்கும் ஆண், ஒரு வகையில் சல்லடையில் சலித்து மிஞ்சியவர். அவருடைய இதயமும் ரத்தக் குழாயும் அவரோடு பிறந்த தலைமுறை ஆண்களின் சராசரியைவிட நன்றாக இருக்கும். அதனால் மூளையும் நன்றாக இருக்கும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக மக்களைப் பின்தொடரும் இதய ஆய்வின் தரவுகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த விளக்கத்தைச் சொன்னார்கள்.

ஒரே வயதுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்து, அடுத்த சில வருடங்களில் புதிதாக யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்தால் படம் மாறும். அமெரிக்க ஆய்வுகள் பலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. ஐரோப்பிய ஆய்வுகளில் எண்பது தாண்டிய பிறகு பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. ஒரே பாலினம், ஒரே நோய், நாடு மாறினால் முடிவு மாறுகிறது என்றால் காரணத்தை உடம்புக்குள் மட்டும் தேடுவதில் அர்த்தமில்லை.

சரி, பெண்களுக்கு அறிவாற்றல் வேகமாகக் குறைகிறதா?

இதற்கு நல்ல பதில் 2021-ல் கிடைத்தது. 1971-க்கும் 2017-க்கும் இடையே அமெரிக்காவில் நடந்த ஐந்து நீண்டகால ஆய்வுகளின் தரவை ஒன்று சேர்த்து, 26,088 பேரின் மதிப்பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் பெண்கள் எல்லாவற்றிலும் முன்னால் இருந்தார்கள்: பொதுவான அறிவாற்றல், நினைவு, திட்டமிட்டுச் செயல்படும் திறன் எல்லாவற்றிலும். வருடங்கள் போகப்போக, பொதுவான அறிவாற்றலிலும் திட்டமிடும் திறனிலும் பெண்களின் மதிப்பெண் ஆண்களுடையதைவிடச் சற்று வேகமாக இறங்கியது. நினைவில் மட்டும் இருவரும் ஒரே வேகத்தில் இறங்கினார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வேக வித்தியாசம் சிறியது. வருடத்துக்கு ஒரு புள்ளியில் நூறில் ஏழு பங்கு அளவுதான். ஒரு தனி மனிதரை வைத்து 'இவர் பெண், அதனால் சீக்கிரம் மறந்துவிடுவார்' என்று சொல்ல இது உதவவே உதவாது. இரண்டாவது, நாம் 'மறதி, மறதி' என்று பேசுகிறோம். இங்கே வேகமாக இறங்கியது ஞாபகம் அல்ல. நாலு வேலையை வரிசைப்படுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் திரும்புவது, பாதியில் திட்டத்தை மாற்றிக்கொள்வது ஆகியவைதான். இது வீட்டில் எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெண்கள் முன்னால் இருக்கிறார்கள் என்றால் இந்தியாவில் சோதனை மதிப்பெண்ணில் பெண்கள் ஏன் பின்தங்கியிருக்கிறார்கள்?

பள்ளிக்கூடம். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

இன்று எண்பதைத் தாண்டிய ஓர் இந்தியப் பெண், சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் பிறந்தவர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் 27.16 சதவீதம், பெண்கள் 8.86 சதவீதம். பத்து வருடம் கழித்து 1961-ல் ஆண்கள் 40.40, பெண்கள் 15.35. அண்ணன் பள்ளிக்கூடம் போனபோது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்ற தலைமுறை அது. குழந்தைப் பருவத்தில் கிடைத்த படிப்பு மூளைக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது. பின்னால் நோய் வந்தாலும் அந்தக் கையிருப்பு தீரும்வரை வெளியே தெரியாது. கையிருப்பே சேர்க்க விடாதவர்களுக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

காரணம் உடம்பில் இல்லை, பெண் வளர்ந்து வாழ்ந்த சூழலில் இருக்கிறது என்பதைக் காட்டும் இரண்டு ஆய்வுகள் உண்டு. லாசி முழு அளவில் தொடங்கும் முன் கேரளா, கர்நாடகா, பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநிலங்களில் முன்னோட்டம் நடத்தினார்கள். அந்தத் தரவை வைத்து 2014-ல் வந்த கட்டுரையின்படி, படிப்பு, உடல்நலம், வெளியே நாலு பேரோடு பழகுவது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வட மாநிலங்களில் பெண்கள் பின்தங்கியே இருந்தார்கள். தென் மாநிலங்களில் அப்படி இல்லை. பெண் உடம்பு பஞ்சாபிலும் கேரளாவிலும் ஒன்றுதான். பெண்ணை நடத்தும் விதம்தான் வேறு.

இரண்டாவது ஆய்வு ஐரோப்பாவிலிருந்து, அதே 2014-ல் வந்தது. 13 நாடுகளில் ஐம்பது வயது கடந்த சுமார் 31,000 பேரைப் பார்த்ததில், வாழ்க்கை வசதியும் படிப்பும் உயர உயர ஆண், பெண் இருவருமே முன்னேறியிருந்தார்கள். ஆனால் பெண்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வட ஐரோப்பாவில் நினைவுச் சோதனையில் பெண்கள் ஆண்களைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே, இன்று நாற்பதுகளில் இருக்கும், பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த தமிழ்ப் பெண்கள் எண்பதை எட்டும்போது இந்த 9.0, 5.8 இதே இடைவெளியில் நிற்காது என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.

என் மாமியார் பள்ளிக்கூடமே போனதில்லை. அவரை எப்படிச் சோதிப்பார்கள்?

சரியான கேள்வி. கேட்காமல் விட்டால் தப்பான முடிவோடு வீட்டுக்கு வருவீர்கள்.

வழக்கமான சோதனை ஒன்றில் தாளையும் பேனாவையும் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். எழுபத்தெட்டு வயதில் முதல் முறையாகப் பேனா பிடிக்கும் ஒருவருக்கு வட்டமே ஒழுங்காக வராது. எண்கள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். அவர் முள் காட்டும் திசையைத் தப்பாகப் போட்டால், அது நோயா, பழக்கமின்மையா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, வாக்கியம் எழுதச் சொல்வது எல்லாமே இந்த ரகம்தான். அதே மாமியார் சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐம்பது ரூபாய் நீட்டி, மீதிச் சில்லறையை எண்ணாமலே சரிபார்த்துவிடுவார்.

இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்கென்று உலகெங்கும் புழங்கும் ஒரு சிறு மனநிலைச் சோதனையை இந்தியில் மாற்றியமைத்தார்கள். 1995-ல் அது வெளியானது. எழுத்துக்கூட்டிப் பின்னோக்கிச் சொல்வதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது போன்ற மாற்றங்கள் அதில் உண்டு. மூளை உழைப்பு ஏறக்குறைய அதேதான், பள்ளிக்கூடம் மட்டும் தேவையில்லை. தமிழிலும் மாற்றியமைத்த சோதனைகள் புழக்கத்தில் உள்ளன. மருத்துவரிடம் 'இவங்க படிக்கலைங்க, அதுக்கேத்த டெஸ்ட் வைங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே, பக்கத்தில் இருப்பவரிடம் 'பத்து வருடத்துக்கு முன்னால் இருந்ததை வைத்துப் பார்த்தால் இப்போது எப்படி' என்று கேட்கும் கேள்விப்பட்டியலும் உண்டு. படிக்காதவர்கள் விஷயத்தில் அதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

என் அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. டெஸ்ட்டில் நன்றாகவே செய்தார். ஆனால் வீட்டில் ஏதோ சரியில்லை.

முந்தைய கேள்வியின் மறுபக்கம் இது. வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்வதில் பெண்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு சிறு முன்னிலை உண்டு. பத்துச் சொற்களை வாசித்துக் காட்டி, சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வதுதான் மறதிக்கான முக்கியச் சோதனை. அதில், நோய் தொடங்கிவிட்ட பெண்கூட 'இயல்பு' என்ற எல்லைக்கோட்டைத் தாண்டிவிடலாம். 2019-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி எல்லைக்கோடு வைத்துப் பார்த்தபோது, சுமார் 10 சதவீதப் பெண்கள் நோயின் தொடக்கத்தில் இருந்தும் தப்பித்திருந்தது தெரிந்தது. ஆண்களில் அதே அளவினர் தேவையில்லாமல் முத்திரை குத்தப்பட்டிருந்தார்கள்.

இதன் விளைவு, பெண்களுக்கு நோய் தெரியவரும்போது அது ஏற்கெனவே முற்றியிருக்கும். அதன் பிறகு சரிவு மளமளவென்று இருப்பதுபோலத் தோன்றும்.

நம் ஊரில் இரண்டு தவறுகளும் ஒரே காத்திருப்பு அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன: படித்த அம்மாவுக்கு இருப்பது தெரியாமல் போகிறது, படிக்காத அம்மாவுக்கு இல்லாதது இருப்பதாகிறது. உங்கள் அம்மா விஷயத்தில் மதிப்பெண்ணை நம்பாதீர்கள், உங்கள் கண்ணை நம்புங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே சோதனையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். அவருடைய பழைய மதிப்பெண்ணோடு அவருடைய புதிய மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும், ஊரின் சராசரியோடு அல்ல.

வீட்டில் அறிகுறி ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறாகத் தெரியுமா?

தெரியும். ஆனால் அது மூளையைவிட, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

அப்பா ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி கைக்கு வருகிறது. பேப்பர் ஈஸிசேருக்கு வருகிறது. காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை எல்லாம் அம்மா உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறார். கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர் பெயர் அப்பாவுக்கு வரவில்லையென்றால், 'வாங்க சம்பந்தி, திருச்சியிலேர்ந்து எப்ப வந்தீங்க' என்று அம்மா சத்தமாகக் கேட்டு அப்பாவுக்குத் துப்புக் கொடுத்துவிடுகிறார். அந்த நாள் முழுக்க அவரைச் சோதிக்கும் வேலை எதுவுமே இல்லை. அம்மா பேத்தியின் பிரசவத்துக்குப் பெங்களூரு போய் ஒரு மாதம் தங்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. சில வீடுகளில் அம்மா காலமான பிறகு. 'அம்மா போன துக்கத்தில் அப்பா இப்படி ஆகிட்டார்' என்று சொல்வார்கள். பல நேரம் அது நாலைந்து வருடமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. எழுபத்தைந்திலும் அடுப்பங்கரை அவருடையது. சமையலைப் போலத் திட்டமிடும் திறனைப் பிழிந்தெடுக்கும் வேலை குறைவு. குக்கர் விசிலை எண்ண வேண்டும், அதே நேரத்தில் ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டும், பால் பொங்கிவிடாமல் ஒரு கண், வாசலில் கீரைக்காரம்மா கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர வேண்டும். இங்கேதான் முதலில் சறுக்கும். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு, ஊறப்போட்ட உளுந்து மறுநாள் நாற்றம் வரும்போதுதான் ஞாபகம் வருவது, சிம்மில் எரிந்துகொண்டே இருக்கும் காலி பர்னர். முப்பது வருடமாகச் செய்த பொங்கல் பலகாரத்தை 'இந்த வருஷம் வேண்டாம், முடியல' என்று தள்ளுவதும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். முடியாமல் இருப்பது முட்டி மட்டுமல்ல.

மருமகள் அடுப்பங்கரையை எடுத்துக்கொண்ட வீட்டில் இதுவும் மறைந்துபோகும். உட்கார வைத்துச் சோறு போடுவது மரியாதைதான், ஆனால் அறிகுறியும் அந்த மரியாதைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆண்களிடம் பெரும்பாலும் பணத்தில் தெரியும்: ஏடிஎம் பின் நம்பர், ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கட்டிய கரண்ட் பில், போனில் வந்தவனுக்குச் சொன்ன ஓடிபி. வண்டி எடுத்துக்கொண்டு தெரிந்த தெருவில் வழி தப்புவதும் உண்டு.

மாதவிடாய் நின்றதிலிருந்து எனக்கு எதுவுமே ஞாபகம் நிற்பதில்லை. இது தொடக்கமா?

பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் புதிய விஷயங்களைக் கற்றுக்கொள்வதில் ஒரு தொய்வு வருவதையும், நின்ற பிறகு அது மீண்டுவிடுவதையும் அமெரிக்கப் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியிருக்கிறது. தூக்கம் கெடுவது, திடீர் வெப்பம், வேர்த்துக் கொட்டுவது எல்லாம் சேர்ந்து மண்டையை மந்தமாக்கும்.

'ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் குறைவதால்தான் எல்லாம், மாத்திரை போட்டால் மூளை பிழைத்துக்கொள்ளும்' என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 65 வயது கடந்த 4,532 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜென்-புரோஜெஸ்டின் கூட்டு மாத்திரையும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2003-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து இரண்டு மடங்கு. அதன் பிறகு ஐம்பதுகளின் தொடக்கத்தில் உள்ள பெண்களிடம் பார்த்தபோது கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. எனவே மூளைக்காக ஹார்மோன் மாத்திரை வேண்டாம். வெப்பமும் வேர்வையும் தாங்க முடியவில்லையென்றால், அதற்காக எடுத்துக்கொள்வது வேறு கணக்கு. மகப்பேறு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

கர்ப்பப்பையைவிடச் சினைப்பைதான் இங்கே முக்கியம். மாதவிடாய் இயல்பாக நிற்பதற்கு முன்பே சினைப்பைகளை எடுத்துவிட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறைவும் டிமென்ஷியாவும் கூடுதலாக வந்ததை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வு 2007-ல் காட்டியது. எவ்வளவு இளம் வயதில் எடுத்தார்களோ அவ்வளவு அதிக ஆபத்து.

நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவும் அதை ஒட்டிய தெலங்கானாவும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பப்பை அகற்றலில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பவை. முப்பதுகளிலேயே எடுத்துவிடுகிறார்கள். 'குழந்தை பெத்தாச்சு, இனிமே எதுக்கு' என்று சினைப்பையையும் சேர்த்து எடுக்கச் சம்மதிப்பதற்கு முன், அதில் புற்றுநோய் அபாயமோ கட்டியோ உண்மையில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதில் தப்பே இல்லை.

பிரசவ காலத்தில் எனக்கு பிபி ஏறிப் படாத பாடு பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பல மருத்துவர்களே கேட்க மறக்கும் கேள்வி இது. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்ததில், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நிலை வந்தவர்களுக்கு, ரத்தக் குழாய் கெடுவதால் வரும் டிமென்ஷியா மூன்று மடங்குக்கும் மேல் காணப்பட்டது. அல்சைமருக்கான கூடுதல் அதைவிட மிகக் குறைவு. ஆகவே அப்போது பிபி ஏறியவர்கள், பிரசவம் முடிந்ததும் மறந்துவிடாமல், நாற்பது வயதிலிருந்தே தவறாமல் பிபி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரபணுவில் வித்தியாசம் உண்டா?

கொஞ்சம். அபோ-ஈ4 என்ற மரபணு வடிவம் அல்சைமர் ஆபத்தைக் கூட்டும். 65-க்கும் 75-க்கும் இடைப்பட்ட வயதில் அது பெண்களைச் சற்று அதிகம் பாதிக்கிறது. மற்ற வயதுகளில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்காகக் காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிவு தெரிந்தாலும் செய்யவேண்டியது மாறாது.

அப்படியென்றால் ஆண்கள் கவலைப்பட வேண்டாமா?

யார் சொன்னது! டிமென்ஷியாவுக்கு முந்தைய கட்டமான லேசான அறிவாற்றல் குறைவை எடுத்துக்கொண்டால், மேயோ கிளினிக் 70 முதல் 89 வயதுவரை உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 14 சதவீதம். ஆண்களுக்குச் சீக்கிரமாகத் தொடங்கி மெதுவாக இறங்குகிறது, பெண்களுக்குத் தாமதமாகத் தொடங்கிச் சட்டென்று இறங்குகிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. பார்க்கின்சன் நோயோடு உறவுடைய லூயி பாடி டிமென்ஷியாவும் ஆண்களிடம்தான் அதிகம்.

ஆண்களின் ஆபத்துகளில் பெரும்பகுதி பழக்கத்தில் வருபவை. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைபிடிக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். குடி மூளையை நேரடியாகவும் கெடுக்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடுவதால் பி1 வைட்டமினைக் குறைத்தும் கெடுக்கும். நேற்று நடந்ததை அடியோடு மறந்து, அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பேசும் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்தால் அல்சைமருக்கு முன் டாஸ்மாக்கைத்தான் நினைக்க வேண்டும். ஹெல்மெட் போடாமல் விழுந்து தலையில் பட்ட அடியும் இருபது வருடம் கழித்துக் கணக்குக் கேட்கும்.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா எதையும் மறந்துவிடுகிறார். சோகமா, நோயா?

இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும், சேர்ந்தும் வரும். மனச்சோர்வில் இருப்பவர் 'எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல' என்று தானே சொல்லிக் குறைப்படுவார். கேட்டால் முயலாமலே 'தெரியல' என்பார். டிமென்ஷியாவில் பெரும்பாலும் அவர் குறைப்பட மாட்டார், சமாளிப்பார். குறைப்படுவது நீங்களாக இருப்பீர்கள். நம் ஊரில் கணவர் போனதும் விசேஷங்களில் முன்வரிசை போய்விடுகிறது, கோயில் போக்கு குறைகிறது, பேச்சுத்துணையும் போகிறது. தனிமை மூளைக்குக் கெடுதல் என்பது இன்று மறுப்பில்லாத விஷயம்; அந்தத் தனிமையை விதவைப் பெண்களுக்கு நாமே சம்பிரதாயமாகச் செய்து கொடுக்கிறோம்.

எதுவாக இருந்தாலும் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகள் முதலில். தைராய்டு குறைவு பெண்களிடம் பல மடங்கு அதிகம். சரிசெய்தால் மூளையும் தெளியும்.

புதிய அல்சைமர் மருந்துகள் பெண்களுக்கு வேலை செய்யாதாமே?

லெகனமாப் என்ற ஊசி மருந்தைப் பற்றிய பேச்சு அது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் மொத்தமாகச் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. பிரித்துப் பார்த்தபோது ஆண்களில் 43, பெண்களில் 12. அந்தச் சோதனை பாலின வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்காக வடிவமைத்தது அல்ல என்பதால் 'வேலை செய்யாது' என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. ஆனால் மூளை வீக்கம், ரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவுகளும் செலவும் உள்ள மருந்து இது. பெண்களுக்குக் கிடைக்கும் பயன் எவ்வளவு என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நம் ஊரில் வழக்கமாக எழுதித்தரும் டோனெபெசில் இருவருக்கும் ஓரளவு உதவும், நோயை நிறுத்தாது.

தடுக்க என்ன செய்யலாம்?

மருத்துவ இதழான லான்செட் அமைத்த ஆணையம் 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அனைத்தையும் சரிசெய்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை.

என் வரிசையில் முதலிடம் பிபிக்கு. 2019-ல் வந்த அமெரிக்கச் சோதனையில் மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. எந்த அளவு உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர் சொல்லட்டும்; மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பிபி, சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. அம்மாக்கள் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மறக்கிறார்கள், அதைக் கவனியுங்கள்.

இரண்டாமிடம் காதுக்கு. 2023-ல் வந்த சோதனையில், ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள முதியவர்கள் காது மெஷின் போட்டபோது மூன்று வருடத்தில் அறிவாற்றல் சரிவு ஏறத்தாழப் பாதியானது. ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. பிறகு நடை. வீட்டுவேலை செய்கிறேனே என்று அம்மா சொல்வார். மூச்சு வாங்கும் அளவுக்கு வெளியே நடப்பது வேறு.

எங்கே காட்டுவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டிமென்ஷியா பராமரிப்பில் நீண்ட அனுபவம் உள்ளது. கேரளாவில் 1992-ல் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவருக்கே மனம் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என்பதால் இந்த எண் அவர்கள் போனில் இருக்கட்டும்.

போகும்போது கூடவே வசிக்கும் ஒருவர் வர வேண்டும், வெளியூரிலிருந்து நேற்று வந்த மகன் மட்டும் போதாது. கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சளி, அரிப்பு, தூக்க மாத்திரைகளும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றில் சில தாமே மறதியை உண்டாக்கும்.